பாடம் சொல்லுமுன் பார்க்கக் கற்கட்டும்!

ஆலைத் தோழர்களுக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரியும். ஒரு கையிலே கடிகாரம், மறு கையிலே அட்டை. தறிக்குப் பக்கத்திலே வந்து நிற்பார். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட எத்தனை நொடி, தண்ணீர் குடித்துவிட்டு வர எத்தனை நிமிடம், எல்லாம் குறித்துக் கொள்வார். 'டைம் ஸ்டடி' என்று பெயர். அமெரிக்காவிலே ஃபிரடெரிக் டெய்லர் என்பவர் உருக்கு ஆலையிலே தொடங்கிவைத்த முறை அது. கடிகாரக்காரர் வந்து போனால், பின்னாலேயே வேலைப் பளுவை ஏற்றும் உத்தரவும் வரும். ஆகவே யாராவது வந்து உற்றுப் பார்த்தாலே உழைப்பாளிக்கு உள்ளூர ஒரு கசப்பு. அந்தக் கசப்பிலே தவறில்லை.

அந்தத் தோழரின் மகள் நகராட்சிப் பள்ளியிலே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். மாலையிலே வீட்டுக்கு வந்து சொல்கிறாள்: "அப்பா, இன்னைக்கு ஒரு அக்கா வந்து கடைசி வரிசையிலே உக்காந்துக்கிட்டு எங்களையே பாத்துப் பாத்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் பேசவே இல்லை." தோழருக்குக் கடிகாரக்காரர் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? "என்ன எழுதினாங்களாம்? யாருக்காக எழுதினாங்களாம்?" என்று கேட்கிறார்.

சரியான கேள்வி! இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அந்தப் பெண் கல்லூரி மாணவி. குழந்தைப் பருவம் என்பதையும் கல்வி என்பதையும் பல்கலைக் கழகத்திலே பாடமாகப் படிப்பவள். புத்தகத்திலே படித்தால் மட்டும் போதாது, குழந்தை இருக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்து வா என்று பேராசிரியர் அனுப்பியிருக்கிறார். இங்கிலாந்திலே இதற்கென்றே மூன்றாண்டுப் பட்டப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் படிப்பவர்கள் எல்லோரும் ஆசிரியர்களாகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் நலத் துறைக்குப் போகிறவர்கள் உண்டு, மருத்துவமனைகளிலே குழந்தைகளோடு பணி செய்யப் போகிறவர்கள் உண்டு. எங்கே போனாலும், முதலில் வகுப்பறையின் ஓரத்திலே வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக வேண்டும்!

வாயை மூடிக்கொண்டு உட்காருவது ஒரு படிப்பா என்று சிரிக்க வேண்டாம் தோழரே. இந்தப் படிப்பு பிறந்த கதையே உழைப்பாளிகளின் சேரியிலேதான் இருக்கிறது.

பிராட்போர்டு என்பது வட இங்கிலாந்திலே கம்பளி ஆலைகள் நிறைந்த நகரம். 1893இலே மார்கரெட் மக்மில்லன் என்ற அம்மையார் அங்கே வந்து சேர்ந்தார். சுதந்திரத் தொழிற் கட்சியின் பேச்சாளர். மறு ஆண்டு, 1894இலே, நகரப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழுவிலே உட்கார்ந்து தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டுப் போகிறவரல்ல அவர். பள்ளிகளுக்குள்ளே நேரே போனார், பார்த்தார்.

என்ன பார்த்தார்? அந்தக் காலத்திலே 'அரை நேரக்காரர்' என்று ஒரு வகைக் குழந்தைகள் இருந்தார்கள். பாதி நாள் ஆலையிலே வேலை, பாதி நாள் பள்ளியிலே பாடம். காலை முழுதும் ஆலையிலே நின்ற குழந்தை பிற்பகலிலே வகுப்பறையிலே என்ன செய்யும்? மேசையிலே தலையைச் சாய்த்துத் தூங்கும். வாத்தியாரின் பதிவேட்டிலே அது சோம்பேறி. மார்கரெட் அம்மையாரின் கண்ணிலே அது களைத்துப் போன தொழிலாளி! வகுப்பு ஒன்று, குழந்தை ஒன்று, பார்த்த கண்கள்தான் இரண்டு.

இன்னும் பார்த்தார். குளிருக்காக உடுத்திய துணியை வசந்தம் வரும் வரை கழற்றாமல் உடம்போடு வைத்துத் தைத்துவிடுவார்கள், அப்படிப்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். குளியல் என்பது அறியாத உடம்பு, பூச்சி அரித்த தலை, வலிக்கும் பல், சீழ் வடியும் காது. இந்தக் காதுக்குத்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். காது கேட்காத குழந்தையைக் கவனமில்லாத குழந்தை என்று அடித்துக் கொண்டிருந்தார்கள். மார்கரெட்டின் போராட்டத்தால் 1897இலே பள்ளிக்குள்ளேயே குளியல் வசதி வந்தது. 1899இலே டாக்டர் ஜேம்ஸ் கெர் என்பவரோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தினார். அந்த நாட்டிலே முதன்முதலாகப் பதிவான பரிசோதனை அது என்கிறார்கள். 1907இலே சட்டமே வந்து, நாடு முழுவதும் பள்ளி மருத்துவப் பரிசோதனை கடமையாயிற்று.

சோற்றுக் கதையும் அங்கே உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க நகராட்சிகள் பணம் செலவிடலாம் என்று 1906இலே சட்டம் செய்தார்கள். பிராட்போர்டிலிருந்து நாடாளுமன்றம் போன தொழிற் கட்சிக்காரர் ஃபிரெட் ஜோவெட் அதற்காக வாதாடியவர். 'சோறு போடுவது பெற்றோர் கடமை, சர்க்கார் போட்டால் ஏழை சோம்பேறியாவான்' என்று சீமான்கள் சொன்னார்கள். இந்தப் பேச்சு நமக்கும் கேட்ட பேச்சுத்தானே! அதற்கு 1907இலே பிராட்போர்டு நகரம் மேடையேறிப் பதில் சொல்லவில்லை. தராசைக் கொண்டு வந்து வைத்தது. டாக்டர் ரால்ஃப் கிரவுலி என்பவர் மிக ஏழைக் குழந்தைகள் 40 பேரைத் தேர்ந்தெடுத்து, பள்ளியிலே உணவு கொடுத்து, வாரந்தோறும் எடை பார்த்தார். எடை ஏறியது. இடையிலே விடுமுறை வந்தது, பள்ளிச் சோறு நின்றது. எடை இறங்கியது! பள்ளி திறந்தது, மறுபடி ஏறியது. சீமான்கள் தராசோடு எப்படி வாதம் செய்வார்கள்?

பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, 1920இலே ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தது. பிறகு 1956, 1982, 2022 என்று பந்தி விரிந்து கொண்டே வந்த கதையை நம் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பாடத்திலே மயங்குகிறான் என்பதை யாரோ ஒருவர் வகுப்பறையிலே கண்ணால் கண்டிருந்தால்தான் இப்படி ஒரு ஏற்பாடு மனத்திலே தோன்றும்.

மார்கரெட்டின் கதைக்குத் திரும்புவோம். அவரும் அவருடைய அக்கா ரேச்சலும் 1910இலே லண்டன் மாநகரின் டெப்ட்ஃபோர்டு பகுதியிலே மருத்துவ நிலையம் அமைத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான குடியிருப்பு. 1914இலே அங்கேயே திறந்தவெளிக் குழந்தைப் பள்ளி. சுவர் குறைவு, தோட்டம் அதிகம். ரேச்சல் 1917இலே இறந்தார். அக்கா பெயரால் மார்கரெட் ஒரு பயிற்சிக் கல்லூரி அமைத்தார். 1930இலே இங்கிலாந்து ராணியே வந்து திறந்துவைத்தார். மறு ஆண்டு மார்கரெட்டும் போய்ச் சேர்ந்தார். குழந்தைப் பள்ளி மட்டும் இன்றைக்கும் டெப்ட்ஃபோர்டிலே நடக்கிறது.

அந்தக் கல்லூரிக்கு மார்கரெட் வகுத்த வழியைக் கவனியுங்கள். சின்னஞ்சிறு குழந்தைக்குத்தானே, ஆறு மாதப் பயிற்சி போதாதா என்றார்கள். மூன்று ஆண்டு வேண்டும் என்றார் அவர்! சின்னக் குழந்தையைப் புரிந்து கொள்வதற்குத்தான் பெரிய படிப்பு வேண்டும் என்பது அவர் கட்சி. பயிற்சிக்கு வந்த நடுத்தர வீட்டுப் பெண்கள் பட்டணத்தின் நல்ல தெருவிலே தங்கி வந்து போகக் கூடாது, அந்தக் குழந்தைகளின் தெருவுக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும், தாய்மார்களை அறிய வேண்டும் என்றார். வீட்டைப் பார்க்காதவளுக்கு வகுப்பறையிலே உள்ளது எப்படிப் புரியும்?

இதற்கு நேர் எதிரான ஒரு பள்ளியையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் நகரிலே 1924இலே ஜெஃப்ரி பைக் என்பவர் மால்டிங் ஹவுஸ் என்ற கட்டடத்திலே ஒரு பள்ளி தொடங்கினார். உலோகச் சந்தையிலே செம்பு, ஈயம் வாங்கி விற்றுச் சூதாடிச் சேர்த்த பணம். பிள்ளைகளெல்லாம் பெரும்பாலும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். தலைமை ஏற்றவர் சூசன் ஐசக்ஸ். இவர் லங்காஷயரிலே பருத்தி ஆலை நகரமான போல்டனுக்கு அருகே பிறந்தவர். கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டார் என்பதற்காகப் பெற்ற தந்தையே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். பிற்பாடு முட்டி மோதி மான்செஸ்டர் பல்கலைக் கழகத்திலே படித்து மேலே வந்த பெண்.

ஐசக்ஸ் செய்த காரியம், குழந்தைகள் என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை அப்படியே எழுதி வைத்தது. பிறகு சுருக்கெழுத்துக்காரரையும் அமர்த்தினார்கள். வளர்த்த முயல் ஒன்று செத்துப் போயிற்று. புதைத்தார்கள். அது வானத்துக்குப் போய்விட்டதா, மண்ணிலேயே இருக்கிறதா என்று குழந்தைகளுக்குச் சந்தேகம். தோண்டிப் பார்த்தார்கள்! யாரும் தடுக்கவில்லை, யாரும் திட்டவில்லை, எழுதிக் கொண்டார்கள். முயல் இருந்த இடத்திலேதான் இருந்தது. பெரியவர்கள் இவ்வளவு எளிதாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பைக்கின் உலோகச் சூதாட்டம் கவிழ்ந்தது. 1929இலே பள்ளி மூடப்பட்டது. ஆனால் ஐசக்ஸின் குறிப்புகள் 1930இலும் 1933இலும் இரண்டு பெரிய நூல்களாயின. 1933இலே லண்டன் பல்கலைக் கழகக் கல்வி நிலையத்திலே குழந்தை வளர்ச்சிக்கென ஒரு துறை திறந்து அவரிடமே ஒப்படைத்தார்கள்.

டெப்ட்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் பக்கத்துப் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை முயலைத் தோண்டினால் அது 'ஆராயும் அறிவு'. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தோண்டியிருந்தால்? 'போக்கிரி' என்று முதுகிலே விழுந்திருக்கும்! பார்ப்பவர் மனத்திலே முன்கூட்டியே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருந்தால் கண் அதைத்தான் பார்க்கும். ஆகவேதான் இந்தப் படிப்பின் முதல் விதி, தீர்ப்பை எழுதாதே, கண்டதை எழுது என்பது.

நம் தொழிலிலே வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். நல்ல ஃபிட்டர் ஒருவர் இயந்திரத்தைப் பார்த்து 'இது சோம்பேறி இயந்திரம்' என்று எழுதுவாரா? பேரிங் சூடாகிறது, இத்தனை மணிக்குச் சத்தம் கிளம்பியது, எண்ணெய் கசிகிறது என்றுதான் எழுதுவார். ஆனால் பிள்ளையைப் பற்றி எழுதும்போது 'மந்தம்', 'அடங்காதது', 'ஆர்வமில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பயிற்சி பெற்ற மாணவி அப்படி எழுதக் கூடாது. 'பத்து நிமிடத்திலே நான்கு முறை ஜன்னலைப் பார்த்தாள். கரும்பலகையை எட்டிப் பார்க்க இரண்டு முறை எழுந்தாள். முன்னாலிருந்த பையன் தலை மறைத்தது' என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, ஆர்வமில்லாதவள் அல்ல, பலகை தெரியாதவள் என்று.

இப்படிப் பார்ப்பதிலே பல வழிகள். ஒரே குழந்தையைப் பத்து நிமிடம் விடாமல் பார்த்து எழுதுவது ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலை நிமிர்ந்து, அந்தக் கணத்திலே யார் யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது மற்றொன்று. சும்மா கோடு போட்டு எண்ணுவதும் உண்டு. வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எத்தனை பேரை? கேள்வி பையன்களுக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை? தண்ணீர் எடுத்து வர அனுப்பியது யாரை? பெருக்கச் சொன்னது யாரை? கணக்குப் போடக் கூப்பிட்டது யாரை? நம் ஊரிலே இந்தக் கடைசி மூன்று கோடுகளையும் ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் போதும், சாதியைப் பற்றித் தனியாக ஆராய்ச்சி நடத்த வேண்டியதில்லை.

அமெரிக்காவிலே பார்க்கர், ரைட் என்ற இருவர் 1949 ஏப்ரல் 26 அன்று ஏழு வயதுப் பையன் ஒருவனைக் காலையிலே கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை எட்டுப் பேரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் கதை ஒரு முழுப் புத்தகமாயிற்று. அந்த நாட்டின் பணத்துக்கு அது முடியும், விட்டுவிடுவோம்.

கடிகாரத்துக்கு வருகிறேன். வகுப்பறையிலும் கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே கடிகாரம் திரும்பியது வாத்தியார் பக்கம்! நெட் ஃபிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் மூன்று நொடிக்கு ஒரு முறை யார் பேசுகிறார்கள் என்று எண்ணாலே குறித்து வந்தார். வகுப்பு நேரத்திலே மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசிக் கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு வாத்தியாருடையது என்று கண்டார். நாற்பது பேர் இருந்தால் மீதிப் பங்கு அந்த நாற்பது பேருக்கும் சேர்த்து! மேரி பட் ரோ என்ற அம்மையார் 1974இலே எழுதியது இன்னும் சுவையானது. கேள்வி கேட்ட வாத்தியார் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரி ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடுகிறார், அல்லது தாமே சொல்லிவிடுகிறார். மூன்று நொடி பொறுத்தால்? பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள்.

மூன்று நொடி தோழரே! பீடியைப் பற்ற வைக்கிற நேரம் கூட இல்லை. வீட்டிலே பாடம் கேட்டு ஒப்பிக்க ஆள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நொடி போதும். விடை நாக்கு நுனியிலே தயாராக இருக்கும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை, கேள்வியைப் புரிந்து கொண்டு, தன் தெருப் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றி, வாய் திறப்பதற்குள் வாய்ப்புப் போய்விடுகிறது. 'மூளை இல்லை' என்று முத்திரை விழுகிறது. இந்த ஒன்றை அறிந்த வாத்தியாருக்கும் அறியாத வாத்தியாருக்கும் இடையிலே நம் பிள்ளைகளின் எதிர்காலம் ஊசலாடுகிறது.

சரி, நம் நாட்டு நடப்பு என்ன? டெல்லிப் பல்கலைக் கழகம் 1994இலே தொடக்கக் கல்விக்கென நான்காண்டுப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதிலே குழந்தைகளை உற்று நோக்குதல் என்றே தனிப் பயிற்சி வைத்தார்கள். தொடக்கப் பள்ளி வாத்தியாருக்கும் பட்டப் படிப்பு வேண்டும் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். ஆனால் நாடெங்கும் பெருந்தொகையினர் படிப்பது பி.எட். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014இலே வகுத்த விதிகளின்படி இரண்டாண்டுப் படிப்பிலே 20 வாரம் பள்ளியிலே இருக்க வேண்டும். முதல் ஆண்டிலே 4, இரண்டாம் ஆண்டிலே 16. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள்ளே, வழக்கமான வகுப்பை வழக்கமான ஆசிரியரோடு இருந்து பார்ப்பதற்கென்று குறித்த தொடக்கக் கட்டம் எவ்வளவு தெரியுமா? ஒரு வாரம்!

ஐந்தே வேலை நாள். லேத்துப் பட்டறையிலே கூட ஐந்து நாள் பார்த்த பையனிடம் இயந்திரத்தை ஒப்படைக்க மாட்டார் மேஸ்திரி. நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம்.

அந்த ஒரு வாரமாவது உண்மையாக நடக்கிறதா? பயிற்சிக்கு வரும் மாணவியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். விடுப்பிலே போன ஆசிரியரின் வகுப்பிலே போய் நில் என்கிறார்கள், பதிவேடு எழுது என்கிறார்கள், விழாவுக்குக் கோலம் போடு என்கிறார்கள். சில இடங்களிலே வராமலே கையெழுத்து வாங்கிக் கொள்ள வழி இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். உற்று நோக்கல் பதிவேடு என்று ஒன்று கொடுக்க வேண்டுமே? போன ஆண்டு அக்காவிடமிருந்து வாங்கி அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். பிள்ளையைப் பார்த்து எழுத வேண்டியதைப் பதிவேட்டைப் பார்த்து எழுதுகிறார்கள்! அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவளும் நம் வீட்டுப் பெண்தான். மாதக் கணக்கிலே சம்பளமில்லாமல், பஸ் காசும் கையிலிருந்து போட்டு வந்து போகிறாள். இங்கிலாந்திலும் இந்தப் பயிற்சி நாட்களுக்குப் பொதுவாக ஊதியம் இல்லை, மாலையிலே கடையிலே நின்று சம்பாதித்துக் கொண்டு பகலிலே பள்ளிக்குப் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வசதி உள்ளவர் மட்டுமே முழுதாகச் செய்யக்கூடிய பயிற்சி என்றால், நம் பிள்ளைகளை அறிந்த நம் வீட்டுப் பெண்கள் எப்படி நல்ல ஆசிரியர்களாவது? பயிற்சிக் காலத்துக்கு உதவித் தொகை வேண்டும் என்று கேட்பது தொழிற்சங்கக் கோரிக்கை போன்றதுதான். உழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கூலி பற்றிய பேச்சும் இருக்க வேண்டும்.

கடைசியாக, தோழர் கேட்ட 'யாருக்காக' என்ற கேள்வி. பார்த்து எழுதுகிறவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. குழந்தையின் உண்மைப் பெயரை எழுதக் கூடாது. பள்ளியின் அனுமதி வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை 'என்னைப் பார்க்காதே' என்று முகம் திருப்பினால் எழுதுகோலை மூடி வைக்க வேண்டும். இங்கிலாந்திலே குழந்தைகளோடு பழகப் போகும் மாணவர் மீது குற்றப் பதிவு உண்டா என்று சரிபார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். இங்கே கைப்பேசியிலே படம் எடுத்துக் குழுவிலே போட்டுவிடுகிறார்கள், மூக்கு ஒழுகும் பிள்ளை, கிழிந்த சட்டைப் பிள்ளை. அது பயிற்சியல்ல, காட்சிசாலை வேலை. நம் பிள்ளைகள் யாருடைய மதிப்பெண்ணுக்கும் வைத்த பொம்மைகளல்லர்.

இதைக் கேட்க நமக்கு இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிற வழக்கத்தை நம் தோழர்கள் விட வேண்டும். அடுத்த கூட்டத்திலே தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, பயிற்சி மாணவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? எத்தனை நாள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? யாருக்குப் பதிலாக வகுப்பிலே நிறுத்தினீர்கள்? பார்த்ததை நம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினார்களா?" அந்த மாணவியையும் கூட்டத்துக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "என்னம்மா பார்த்தாய்? எங்கள் பிள்ளைகளிலே பலகை தெரியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பெயரைக் கூட்டத்திலே சொல்ல வேண்டாம், ஆசிரியரிடம் சொன்னால் போதும். கண்ணாடி வாங்கித் தருவதும், முன் வரிசைக்கு மாற்றுவதும் அடுத்த வாரமே முடிகிற காரியங்கள்.